பழைய கணினி, விண்டோஸ் 10: பதினொன்றுக்கு மாறலாமா, இப்படியே விட்டுவிடலாமா?

மழைக்குருவி கேட்டது:

வணக்கம். ஒரு மாதமாக மண்டையைக் குடையும் விஷயம், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பது 2014இல் வாங்கிய மேசைக் கணினி. இன்டெல் ஐ5, நான்காம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். வாங்கும்போது விண்டோஸ் 7 இருந்தது. 2016இல் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தபோது 10க்கு மாற்றினேன், அன்றிலிருந்து அதேதான் ஓடுகிறது, ஒருமுறைகூட அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டதில்லை. ஆன் செய்தால் தயாராவதற்கு நாலு நிமிடம் ஆகிறது. மற்றபடி எனக்கு இதில் குறை இல்லை.

இதில் நான் செய்யும் முக்கியமான வேலை, அப்பா எடுத்த படங்களின் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்வது. முப்பது வருடம் எடுத்தார். ஒவ்வொரு சுருளையும் ஆறு ஆறு படமாக வெட்டி, உறையில் போட்டு, உறைமேல் பென்சிலால் தேதியும் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதுவரை 1,300 படம் முடித்திருக்கிறேன், இன்னும் 2,000க்கு மேல் இருக்கிறது. ஸ்கேனர் ரொம்பப் பழையது, அதன் டிரைவர் (அதைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) விண்டோஸ் 7க்காக எழுதியது. 10க்கு வந்தபோது இரண்டு நாள் போராடித்தான் அதை வேலை செய்ய வைத்தேன். இந்த மாடலுக்குப் புது டிரைவர் இனி வராது.

அதே கணினியில்தான் வங்கி வேலை, பில் கட்டுவது, மெயில் எல்லாம்.

இப்போது திரை முழுக்க ஓர் அறிவிப்பு வருகிறது, விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று. அப்டேட் பக்கத்துக்குப் போனால் உங்கள் கணினிக்கு 11 போடத் தகுதி இல்லை என்கிறது. நண்பர் ஒருவர், ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து அந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டிப் போட்டுவிடலாம், பத்து நிமிட வேலை என்கிறார். சித்தப்பா மகன், பன்னிரண்டு வருடம் உழைத்த கணினியை இன்னும் எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள், புதிது வாங்குங்கள் என்கிறான். இன்னொருவர், பழைய விண்டோஸ் எக்ஸ்பியையே அத்தனை வருடம் ஓட்டினோம், ஒன்றும் ஆகாது, அப்படியே விடுங்கள் என்கிறார்.

மூன்று பேரும் அவரவர் அனுபவத்தில் சொல்கிறார்கள். எனக்கு ஸ்கேனர் நின்றுபோகக் கூடாது, வங்கிக் கணக்குக்கும் ஆபத்து வரக் கூடாது. என்ன செய்யலாம்?

---

தெற்குவெயில் எழுதியது:

முதலில் "ஆதரவு முடிந்தது" என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளலாம், ஏனென்றால் இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொண்டு, கணினி ஒருநாள் தானாக நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். நிற்காது. 2025 அக்டோபர் 14க்கு முந்தைய நாள் எப்படி ஓடியதோ அப்படியே ஓடும். மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வராது.

அதில்தான் விஷயம் இருக்கிறது. 10, 11 இரண்டுக்கும் உள்ளே நிறைய நிரல் பொதுவானது. 11க்கு ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தம் வெளியாகும்போது, திருத்தத்துக்கு முன் எப்படி இருந்தது, பின் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறதோ அங்கே ஓட்டை இருந்தது என்று தெரிந்துவிடும். அதே ஓட்டை 10இல் அடைக்கப்படாமல் கிடக்கும். அதாவது காலம் போகப் போக ஆபத்து கூடிக்கொண்டேதான் போகும், முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது.

எக்ஸ்பியை ஓட்டினோம் என்று சொன்னவருக்கு: எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தது 2014 ஏப்ரல். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் வந்தபோது உலகம் முழுக்கக் கணினிகள் பூட்டிக்கொண்டன, பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அதற்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7, ஆதரவு இருந்தும் திருத்தம் போடாமல் விட்டவை. திருத்தம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போதே இப்படி, இல்லாதபோது சொல்ல வேண்டியதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவசரப்பட வேண்டாம், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது, இஎஸ்யூ என்பார்கள். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும் (ஸ்டார்ட்டில் வின்வெர் என்று தட்டினால் தெரியும்), மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைய வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை, இல்லாவிட்டால் ஒருமுறை கட்டணமோ ஆயிரம் ரிவார்ட்ஸ் புள்ளிகளோ. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் இணைப்பு இருக்கும். இதை இன்றே செய்துவிடுங்கள். மற்றதை ஆற அமர யோசிக்கலாம்.

வங்கி வேலையை மட்டும் இந்தக் கணினியிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்டேட் ஒழுங்காக வரும் கைபேசி இருந்தால் அதில் செய்வது எவ்வளவோ மேல்.

---

ஓரெழுத்து எழுதியது:

ரூஃபஸ் முறையை நானே செய்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். என்னிடமும் நான்காம் தலைமுறை ஐ5தான். அதிகாரப்பூர்வமாக 11க்கு எட்டாம் தலைமுறை இன்டெல்லோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், கணினியைத் துவக்கும் மென்பொருள் யூஇஎஃப்ஐ என்ற புது வகையாகவும் செக்யூர் பூட் என்ற துவக்கப் பாதுகாப்பு வசதியோடும் இருக்க வேண்டும். நமக்குப் பிராசஸரே பட்டியலில் இல்லை, ஆகவே பயாஸில் (கணினியைத் துவக்கும் அமைப்பில்) எதைத் தட்டினாலும் தகுதி வராது.

சோதனையைத் தாண்டிப் போட்டால் போடலாம், நன்றாகவே ஓடுகிறது. பத்து நிமிட வேலை என்று உங்கள் நண்பர் சொன்னது நிறுவும் வேலையை மட்டும், அதற்குப் பிறகு வருவதை அவர் சொல்லவில்லை. மாதாந்திரத் திருத்தங்கள் எனக்கு ஒழுங்காக வந்தன. ஆனால் வருடாந்திரப் பதிப்பு, 2024 இறுதியில் வந்த 24எச்2, தானாக வரவே இல்லை. ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி மறுபடியும் அதே முறையில் தாண்டித்தான் போட்டேன். ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் இரண்டு வருடம், அதனால் இந்த வேலை திரும்பத் திரும்ப வரும். தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் கிடையாது என மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. இன்று வருகிறது, நாளைக்கு நிறுத்தினால் கேட்க முடியாது. இதே முறையை இன்னும் பழைய கோர் 2 டுவோ கணினியில் முயல நினைப்பவர்கள் கவனிக்க: 24எச்2 அவற்றில் துவங்கவே துவங்காது, பிராசஸரில் சில கட்டளைகள் இல்லை.

உங்களுக்கு இதைவிடப் பெரிய கேள்வி ஸ்கேனர். 7இலிருந்து மேம்படுத்தியது என்கிறீர்கள், அப்படியானால் உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று முதலில் பாருங்கள். சிஸ்டம் பக்கத்தில் 8 ஜிபி ரேம் இருந்தும் 3 ஜிபி சொச்சம்தான் பயன்படுகிறது என்று காட்டினால் 32 பிட். விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது, 32 பிட் டிரைவர் அதில் எந்தத் தந்திரத்தாலும் ஏறாது. 64 பிட் என்றால் வாய்ப்பு இருக்கிறது, ஆனாலும் கோர் ஐசொலேஷன் பகுதியில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு ஓடினால் பழைய டிரைவரைத் தடுத்துவிடலாம். அதை அணைத்தால் ஸ்கேனர் ஓடும், பாதுகாப்பு குறையும், எதற்காக மேம்படுத்தினோமோ அதுவே கொஞ்சம் வீணாகும்.

இன்னொரு வழி, வியூஸ்கேன் என்ற மென்பொருள். கட்டணம் உண்டு, ஆனால் உற்பத்தியாளர்கள் கைவிட்ட ஏராளமான ஸ்கேனர்களுக்கு அதுவே சொந்தமாக டிரைவர் வைத்திருக்கிறது. சோதனைப் பதிப்பு படத்தின் மேல் குறியிட்டுத்தான் சேமிக்கும், வேலை செய்கிறதா என்று பார்க்க அது போதும். இப்போதிருக்கும் 10இலேயே போட்டுப் பாருங்கள். அதில் ஓடினால் உங்கள் பயத்தில் பாதி தீர்ந்தது.

மேம்படுத்தியே தீருவது என்று இறங்கினால் பத்து நாளுக்குள் பிடிக்கவில்லை என்று 10க்குத் திரும்பலாம், அதுவரை விண்டோஸ் டாட் ஓல்டு என்ற ஃபோல்டரை மட்டும் இடம் அடைக்கிறதே என்று அழித்துவிடாதீர்கள்.

---

பழுதுபெட்டி எழுதியது:

கணினி பழுது பார்ப்பது என் பிழைப்பு. மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது விண்டோஸைப் பற்றி அல்ல. 2014 ஹார்ட் டிஸ்க், நாலு நிமிட பூட், அதில் 1,300 படம். அவற்றுக்கு வேறெங்காவது நகல் இருக்கிறதா? உங்கள் பதிவில் நகல் என்ற பேச்சே இல்லை.

தயவுசெய்து இதை இப்போதே செய்யுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள். திறந்ததும் மேலே இடது பக்கம் வட்டின் நிலை நிறத்தோடு தெரியும். நீலம் என்றால் நல்லது, மஞ்சள் என்றால் எச்சரிக்கை. கீழே பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது ஏற்கெனவே கெட்டு, மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும் பகுதிகள். சி6 என்பது சரிசெய்யவே முடியாமல் போன பகுதிகள். மூன்றிலும் எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். அது பதினாறடிமான எண்ணில் காட்டும் என்பதால், 18 என்று இருந்தால் அது 24 என்று பொருள்.

பூஜ்யமாக இல்லாவிட்டால் எதையும் மேம்படுத்தாதீர்கள், செக்டிஸ்க் (வட்டைச் சோதிக்கும் கருவி) ஓட்டாதீர்கள், டீஃப்ராக் (கோப்புகளை வரிசைப்படுத்துவது) செய்யாதீர்கள், முழு வட்டையும் அப்படியே குளோன் (நகல்) எடுக்கவும் உட்காராதீர்கள். முதலில் அப்பாவின் படங்கள் இருக்கும் ஃபோல்டரை மட்டும் வெளி வட்டுக்கு நகலெடுங்கள். சாகப்போகும் வட்டுக்கு இன்னும் எத்தனை மணி நேரம் மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது, அந்த நேரத்தை எதற்குச் செலவழிக்கிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. விண்டோஸ் மேம்படுத்துவது என்பது ஆயிரக்கணக்கான கோப்புகளைப் படித்து, எழுதி, நகர்த்தும் வேலை. பலவீனமான வட்டுகள் அந்த நடுவழியில்தான் படுத்துவிடும், கொண்டுவருபவர்கள் "அப்டேட் போட்டேன், கெட்டுப்போச்சு" என்பார்கள். வட்டு அதற்கு முன்பே போய்க்கொண்டிருந்திருக்கும்.

வட்டு நன்றாக இருந்தாலும் எஸ்எஸ்டிக்கு (சுழலும் பாகம் இல்லாத, வேகமான வட்டு) மாறுங்கள். உங்கள் நாலு நிமிடம் அரை நிமிடம் ஆகும், இந்த இயங்குதளமா அந்த இயங்குதளமா என்ற வித்தியாசத்தைவிட அது பத்து மடங்கு தெரியும்.

புதிது வாங்கச் சொல்லும் தம்பிக்கும் ஒன்று. இப்போது வரும் புதிய கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த உடனே வட்டு தானாகக் குறியாக்கம் ஆகிவிடும் (உள்ளே இருப்பதைப் பூட்டி வைப்பதுபோல), பலருக்கு அது நடந்ததே தெரியாது. பிறகு பயாஸ் அப்டேட்டோ மதர்போர்டு மாற்றமோ வந்தால் நீலத் திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்கும். அந்த எண் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று தெரியாமல் என் எதிரே அழுதவர்கள் இருக்கிறார்கள். வாங்கிய அன்றே அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

---

மழைக்குருவி எழுதியது:

பழுதுபெட்டி, நீங்கள் எழுதியதைப் படித்த கையோடு போய்ப் பார்த்தேன். மஞ்சள். சி5 வரியில் கடைசியில் 2ஏ என்று இருந்தது, கணக்குப் போட்டால் 42. கை நடுங்கிவிட்டது.

நகல் எங்கேயும் இல்லை. ஸ்கேன் செய்து முடித்த பிறகு மொத்தமாக எடுத்து வைக்கலாம் என்று இருந்தேன்.

வெளி வட்டு ஒன்று இருந்தது, உடனே நகலெடுக்க ஆரம்பித்தேன். ஒரு படம் 45 எம்பி, மொத்தம் 60 ஜிபிக்குப் பக்கம். முதல் பகுதி வேகமாகப் போனது. 800ஐத் தாண்டியதும் ஒரே கோப்பில் ஐந்து நிமிடம் நின்றது, உள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம், அப்புறம் மறுபடி நகர்ந்தது. இரவு ஒன்றரை மணிவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஏழு கோப்பு மட்டும் படிக்க முடியவில்லை என்று வந்தது. மீதி எல்லாம் வந்துவிட்டது. அந்த ஏழுக்கும் நெகட்டிவ் இருக்கிறது, திரும்ப ஸ்கேன் செய்துகொள்வேன்.

ஓரெழுத்து, நீங்கள் சொன்னபடி பார்த்தேன், 64 பிட்தான். வியூஸ்கேன் சோதனைப் பதிப்பு என் ஸ்கேனரைக் கண்டுபிடித்துவிட்டது! பழைய மென்பொருளில் நெகட்டிவின் ஆரஞ்சு நிறத்தை நீக்க ஒவ்வொரு படத்துக்கும் கைவேலை இருக்கும், இதில் சுருளுக்கு ஒருமுறை சொன்னால் போதும் போலிருக்கிறது.

வட்டு மாற்றத்தான் வேண்டும் என்றாகிவிட்டது. எப்படியும் எஸ்எஸ்டியில் புதிதாக நிறுவ வேண்டும் என்றால் எதைப் போடுவது? விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் பற்றிச் சிலர் சொல்கிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது.

---

தேனடை எழுதியது:

பயப்பட வேண்டாம், ஏனென்றால் நிறுவாமலே பார்க்கலாம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டைப் பென்டிரைவில் எழுதி அதிலிருந்தே கணினியைத் துவக்கினால் வட்டைத் தொடாமல் முழு இயங்குதளமும் ஓடும். ஒரு மாலை நேரம் அப்படி ஓட்டி, ஸ்கேனரைச் செருகி, அதில் வரும் ஸ்கேன் நிரலைத் திறந்து பாருங்கள். லினக்ஸில் ஸ்கேனர்களுக்கு சேன் என்ற பொதுத் தொகுப்பு இருக்கிறது, அதன் இணையதளத்தில் எந்த மாடல் எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். வியூஸ்கேனுக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும், உங்கள் பிராசஸரைப் பார்த்து அது முகம் சுளிக்காது.

தமிழ் தட்டச்சு பற்றி யாரும் சொல்லவில்லை, அதையும் சேர்த்துப் பாருங்கள். விண்டோஸ் 10இல் 2019 மே பதிப்பிலிருந்தே தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன, 11இலும் அப்படித்தான். லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சு நிரல் வழியாகத் தமிழ்99 போட்டுக்கொள்ளலாம், ஆனால் முதல்முறை அமைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருவையும் சேர்த்து எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் எந்த இயங்குதளத்தில் திறந்தாலும் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

லினக்ஸ் எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் பட்டியலில் இருப்பது உலாவி, மெயில், ஸ்கேன். மூன்றாவது ஓடிவிட்டால் முதல் இரண்டும் ஒரு பிரச்சினையே இல்லை. வங்கித் தளமும் ஃபயர்ஃபாக்ஸில் திறக்கும்.

---

தெற்குவெயில் எழுதியது:

தேனடை சொல்வதோடு ஒத்துப்போகிறேன், ஒரே ஒரு மாற்றுக் கருத்து. 2,000 நெகட்டிவ் பாக்கி இருக்கும் ஒருவரை இப்போது புது இயங்குதளம் பழகச் சொல்வது நியாயமாகப் படவில்லை. எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10ஐயே புதிதாகப் போட்டு, இஎஸ்யூவில் சேர்த்து, ஸ்கேன் வேலையை முடிக்கட்டும். 10 இந்தக் கணினியில் ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருப்பதால் திரும்பப் போடும்போது கீ (உரிம எண்) கேட்டால் தவிர்த்துவிட்டுப் போகலாம், இணையத்தோடு இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். மின்ட்டைப் பென்டிரைவில் ஓட்டிப் பழகிக்கொண்டே இருக்கலாம். 2026 அக்டோபருக்குப் பிறகு மாறினால் போதும்.

ஸ்கேன் அதற்குள் முடியாவிட்டால் இணையக் கம்பியை உருவிவிட்டு ஸ்கேனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

---

பழுதுபெட்டி எழுதியது:

கம்பியை உருவுவது நல்ல யோசனை, ஆனால் அப்போது படங்களை வெளியே எடுக்கப் பென்டிரைவ்தான் வழி, அது எல்லாக் கணினியிலும் செருகிச் சுற்றி வரும் பென்டிரைவாக இருக்கக் கூடாது. இதற்கென்று தனியாக ஒன்று வையுங்கள்.

மழைக்குருவி, ஏழு கோப்பு மட்டும்தான் போனது என்று படித்தபோது மனசு லேசானது. பழைய வட்டைத் தூக்கி எறிய வேண்டாம், கழற்றி ஓர் உறையில் போட்டு வையுங்கள். அப்புறம், வெளி வட்டில் இருப்பது இப்போது ஒரே ஒரு நகல்தான். இரண்டாவது நகல் ஒன்று வேறு வீட்டில், உங்கள் உடன்பிறந்தவர்கள் யாரிடமாவது இருக்கட்டும்.

---

மழைக்குருவி எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், கேட்டுவிட்டுக் காணாமல் போனேன் என்று நினைக்க வேண்டாம்.

எஸ்எஸ்டி போட்டாயிற்று. தெற்குவெயில் சொன்னபடி 10ஐயே புதிதாக நிறுவினேன், கீ கேட்டதைத் தாண்டிப் போனேன், இணையம் வந்ததும் ஆக்டிவேட் ஆகிவிட்டது. இஎஸ்யூவில் பதிவு செய்தேன், இந்த மாதத் திருத்தமும் வந்துவிட்டது. பூட் ஆக 25 வினாடி. வங்கி வேலை கைபேசிக்குப் போய்விட்டது. ஸ்கேனரின் பழைய டிரைவரை நிறுவவே இல்லை, வியூஸ்கேனை வாங்கிவிட்டேன்.

மின்ட்டைப் பென்டிரைவில் ஓட்டினேன், தேனடை. அதிலும் ஸ்கேனர் தெரிந்தது. முன்னோட்டம் வந்தது, முழு அளவில் எடுக்கும்போது மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. யூஎஸ்பி போர்ட்டை மாற்றிப் பார்க்க வேண்டும், அதற்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை, தெரிந்தால் சொல்லுங்கள்.

இரண்டாவது நகல் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. போன ஞாயிறு அந்த ஏழு படத்தையும் மறுபடி ஸ்கேன் செய்தேன். அதில் ஒன்று, அப்பா கண்ணாடி முன்னால் நின்று தன்னைத்தானே எடுத்துக்கொண்டது. உறையில் பெயர் எழுதாமல் விட்ட படம் அது ஒன்றுதான்.